பசையின் நடுவே சும்மா இருக்கும் பகுதி: ஒட்டுமூட்டுகளில் விகாரத்தை அளப்பதும் கணிப்பதும்

இன்று வீதியில் ஓடும் வாகனங்களில் முன்கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது பசை. காற்றாலையின் இறகு இரண்டு ஓடுகளாக வார்க்கப்பட்டுப் பசையால் மூடப்படுகிறது. விமானத்தின் உடலிலும் இறக்கையிலும் பசை உண்டு. சுரங்கப்பாதைக் கூரைகளில் பாரம் தொங்கும் இரும்பு ஆணிகள் பலவும் கொங்கிறீற்றுத் துளைக்குள் பசையால்தான் நிறுத்தப்படுகின்றன. எம்மவர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இப்படியான தொழிற்சாலைகளில் பசைத் துப்பாக்கியோடு நாள் முழுதும் நிற்பவர்கள். அவர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பொறியியல் படிக்கிறார்கள். ஆனாலும் இந்த விடயம் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது மிகக் குறைவு.

நாம் பொறியியலாளர் அல்லர். வர்த்தகப் பட்டமும் கணக்கெழுதும் தொழிலுமே எம்முடையவை. பசைமூட்டுகளைச் சோதிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் கணக்குகளைப் பல ஆண்டுகள் பார்த்து வந்ததில், அவர்களின் செலவுப் பட்டியலில் வரும் கருவிகள் எதற்கானவை என்று கேட்டுக் கேட்டு அறிந்தவற்றையும், பின்னர் நூல்களில் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரு விபத்திலிருந்து தொடங்கலாம். 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் பறந்துகொண்டிருந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் முன்பகுதிக் கூரை, 24,000 அடி உயரத்தில் ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். அவரது உடல் கிடைக்கவேயில்லை. விமானி எப்படியோ மவுயித் தீவில் விமானத்தை இறக்கியதால் ஏனைய 94 பேரும் உயிர் தப்பினர்.

அந்த விமானத்தில் உடற்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில், பசையும் ரிவெட்டுகளும் சேர்ந்து சுமையைத் தாங்க வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் கணக்கு. பசை ஈரத்தாலும் துருவாலும் பிடிவிட்டது. அது சுமந்த பங்கு சத்தமில்லாமல் ரிவெட் துளைகளின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்க, துளைகளின் ஓரங்களில் வெடிப்புகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அதுவரை அந்த விமானம் 89,680 தடவை பறந்திருந்தது. அன்று ஏறும்போது பயணி ஒருவர் உடற்பகுதியில் ஒரு வெடிப்பைக் கண்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கூட்டாகப் பிணை நின்ற இருவரில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட, முழுக்கடனும் மற்றவர் தலையில் விழுந்த கதைகள் எம்மவரிடம் நிறைய உண்டு. பசைமூட்டிலும் அதுதான் நடக்கிறது. யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிய ஒரே வழி விகாரத்தை அளப்பதுதான்.

விகாரம் என்றால்

ஒரு மீற்றர் நீளக் கம்பியை இழுக்கும்போது அது ஒரு மில்லிமீற்றர் நீண்டால் அதன் விகாரம் ஆயிரத்தில் ஒன்று. இலங்கையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இச்சொல் நினைவிருக்கும்; தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதையே திரிபு என்பார்கள். சுமையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது தகைப்பு. மூட்டு ஒன்றின் உள்ளே இருக்கும் தகைப்பை நேரே பார்க்க முடியாது. பார்க்கக்கூடியது விகாரம், தகைப்பு அதிலிருந்து கணிக்கப்படுவது.

பசைப்படையில் பெரும்பாலும் ஏற்படுவது சறுக்கு விகாரம். ஒரு சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேலுள்ள சீட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கட்டு முழுவதும் சாய்கிறதல்லவா, அந்தச் சாய்வுதான் அது. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சத் தூரம் படிய வைத்து ஒட்டி, இரு முனைகளையும் எதிரெதிராக இழுத்தால், நடுவிலுள்ள பசை இப்படிச் சாயும்.

இங்கேதான் சாதாரண புத்தி தடுமாறுகிறது. இழுக்கும் விசையை ஒட்டிய பரப்பால் வகுத்து, 'ஒரு சதுர மில்லிமீற்றருக்கு இவ்வளவு' என்று சொல்லிவிடலாம் என்றே எவரும் நினைப்பர். பசைப் பெட்டிகளின் மேலும் அப்படி ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண் ஒரு சராசரி. ஒரு தெருவில் உள்ள பத்துக் குடும்பங்களின் சராசரி வருமானத்தைப் பார்த்து அங்கே யாரும் பட்டினி இல்லை என்று சொல்ல முடியாது என்பது கணக்காளருக்குப் பழக்கமான சங்கதி.

வொல்கர்சன் என்ற ஜேர்மானியர் 1938இல் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். அவர் கண்டது இது: மேல் தகடு சுமை வரும் பக்கத்தில் முழுதாக நீள்கிறது, அதே இடத்தில் கீழ்த் தகட்டின் நுனி எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா கிடக்கிறது. ஒன்று நீள, மற்றது நீளாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பசை அந்த ஓரத்தில்தான் அதிகம் சாய வேண்டியிருக்கிறது. மறு ஓரத்திலும் இதே நிலை. நடுவில் இரு தகடுகளும் ஏறத்தாழ ஒரே அளவு நீள்வதால் அங்கே பசைக்கு வேலை குறைவு.

இதை நாமே எக்செல் தாளில் போட்டுப் பார்த்தோம். 1.6 மில்லிமீற்றர் தடிப்பும் 25 மில்லிமீற்றர் அகலமும் உள்ள இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் 0.2 மில்லிமீற்றர் பசைப்படை. இறுகிய சாதாரண எபொக்சிக்கு உரிய விறைப்பாக 1,200 மெகாபஸ்கால். இழுக்கும் விசை 5,000 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 500 கிலோ பாரம். ஒட்டிய நீளம் 12.7 மில்லிமீற்றர் என்றால் சராசரித் தகைப்பு 15.7 மெகாபஸ்கால், ஓரத்தில் 33.8. நீளத்தை 25 மில்லிமீற்றர் ஆக்கினால் சராசரி 8 ஆகப் பாதியாகிறது, ஓரத்தில் 32.7. இன்னும் கூட்டி 50 மில்லிமீற்றர் ஆக்கினால் சராசரி 4க்கு இறங்குகிறது. ஓரத்தில் அதே 32.7.

பசையை நாலு மடங்கு பூசியும் ஓரத்துப் பசையின் பாடு குறையவில்லை. நடுப்பகுதியோ 25 மில்லிமீற்றர் மூட்டில் 1.1 மெகாபஸ்காலைத்தான் சுமக்கிறது. 50 மில்லிமீற்றர் மூட்டில் 0.02 அளவுக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது.

வொல்கர்சன் தகடுகள் வளையாது என்று எடுத்துக்கொண்டார். 1944இல் கோலண்ட், றைஸ்னர் என்ற இருவர் அதைத் திருத்தினர். இரண்டு தகடுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால், இழுக்கும்போது மூட்டு முறுகி வளைகிறது. ஓரங்களில் பசை சாய்வதோடு நில்லாமல் மேலெழுந்து உரியவும் பார்க்கிறது. ஒட்டுநாடாவை நேராக இழுத்துக் கழற்ற முடியாது, மூலையைக் கிளப்பி உரித்தால் சுலபமாக வரும். பசை பயப்படுவது இந்த உரிவுக்குத்தான்.

அந்த ஆண்டுகளில் பசை வெறும் ஏட்டு விடயமாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் கேம்பிறிட்ஜுக்கு அருகே டக்ஸ்போர்ட்டில் நோர்மன் டி புறூயின் என்பவர் அலுமினியத்தை ஒட்டும் றெடக்ஸ் என்ற பசையை 1940களின் தொடக்கத்தில் உருவாக்கியிருந்தார். அந்தப் பெயரே ஆராய்ச்சி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளையும் டக்ஸ்போர்ட்டின் முதலெழுத்துகளையும் சேர்த்துச் செய்தது. டி ஹவிலண்டின் ஹோர்னெட் போர்விமானமும் பின்னர் கொமெற் பயணிகள் விமானமும் அந்தப் பசையைப் பயன்படுத்தின. அருங்காட்சியகம் பார்க்கப் பிள்ளைகளை டக்ஸ்போர்ட்டுக்குக் கூட்டிச் செல்லும் இலண்டன் குடும்பங்கள் இதையும் சொல்லி வைக்கலாம்.

நடுப்பகுதி வீண்தானா?

மேலே உள்ள கணக்கைப் பார்க்கும் எந்தக் கணக்காளரும் முதலில் சொல்லக்கூடியது, நடுவில் உள்ள பசை வீண்செலவு, வெட்டிவிடுங்கள் என்பதுதான். 1970களில் அமெரிக்காவின் டக்ளஸ் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ஹார்ட்-ஸ்மித் அதை வெட்டக் கூடாது என்று காட்டினார். எமக்கு இந்த விடயத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

பசை உலோகத்தைப் போன்றதல்ல. ஒரே பாரத்தைத் தொடர்ந்து சுமந்தால் அது மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொண்டே போகும். இதை ஊர்வு என்கிறார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஊர்வு விரைவுபடும். ஒட்டிய நீளம் மிகக் குறைவாக இருந்தால் ஓரம் முதல் நடு வரை பசை முழுவதும் சுமைக்குள் இருக்கும்; முழுவதும் ஊரும்; ஒவ்வொரு தடவை பாரம் ஏறும்போதும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்து, பாரம் இறங்கிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாமல், ஒருநாள் கழன்றுவிடும். நடுவில் சும்மா இருக்கும் ஒரு பகுதி இருந்தால் அது ஊராது. பாரம் இறங்கியதும் அதுதான் இரு தகடுகளையும் பழைய இடத்துக்கு இழுத்து வந்து வைக்கும். ஓரத்தை நாளாந்தச் செலவு என்றால் நடுவைக் கையிருப்பு நிதி எனலாம்.

ஹார்ட்-ஸ்மித் இன்னொன்றும் சொன்னார். மூட்டின் வலுவைத் தீர்மானிப்பது பசை தாங்கும் உச்சத் தகைப்பு மட்டுமன்று. உடையுமுன் அது எவ்வளவு சாயக்கூடும் என்பதும் சேர்ந்துதான். விறைத்த, 'வலிமையான' பசை ஓரத்தில் உடைந்துவிடும் இடத்தில், வலிமை சற்றுக் குறைந்தாலும் இணங்கிக் கொடுக்கும் பசை ஓரத்தின் பாரத்தை உள்ளே பகிர்ந்து தப்பிக்கொள்ளும். அமெரிக்க விமானப்படை 1970களின் நடுவில் டக்ளஸ் நிறுவனத்தோடு நடத்திய பாப்ஸ்ற் என்ற திட்டத்தில், ஒரு முழு விமான உடற்பகுதியையே பசையால் செய்து இந்த எண்ணங்களைச் சோதித்தார்கள்.

எப்படி அளக்கிறார்கள்

மேலே நாம் எடுத்த உதாரணத்தில் ஓரத்துப் பசையின் சறுக்கு விகாரம் நூற்றுக்கு 2.7. கேட்கப் பெரிதாக இருக்கும். பசைப்படையின் தடிப்போ 0.2 மில்லிமீற்றர்தான். ஆகவே ஒரு தகடு மற்றதோடு ஒப்பிடுகையில் நகர்ந்த தூரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு, தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒன்றைவிடவும் குறைவு. அதுவும் இரு தகடுகளுக்கு நடுவே மறைந்திருக்கும் படை. அளப்பதன் சிரமம் எல்லாம் இங்கேதான்.

மிகப் பழைய கருவி விகாரமானி. மெல்லிய கம்பி நீண்டால் அதன் மின்தடை கூடும் என்பதைக் கெல்வின் பிரபு 1856இலேயே கண்டிருந்தார். 1938இல் கலிபோர்னியாவில் சிமன்ஸ் என்பவரும் மசாச்சுசெற்சில் றூச் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, அதை ஒட்டக்கூடிய ஒரு சிறு கருவியாக்கினர். 120 ஓம் தடையுள்ள விகாரமானியை எமது உதாரணத் தகட்டில் ஒட்டினால், அந்தப் பாரத்தில் அதன் தடை அரை ஓமுக்கும் குறைவாகவே மாறும். அதைப் பிடிக்க வீற்ஸ்ரன் பாலம் என்ற மின்சுற்று வேண்டும். விகாரமானியைத் தகட்டில் ஒட்டுவதும் பசையால்தான். பசையைச் சோதிக்கப் பசையையே நம்ப வேண்டியிருக்கிறது. தணிக்கையாளரையும் யாராவது தணிக்கை செய்ய வேண்டும் என்பது போல.

விகாரமானியைப் பசைப்படைக்குள் நுழைக்க முடியாது. ஆகவே தகட்டின் வெளிமுதுகில், மூட்டின் ஓரத்துக்கு நேர் மேலே ஒட்டுவார்கள். உள்ளே ஓரத்தில் வெடிப்புத் தொடங்கினால் தகடு வளையும் விதம் மாறும். முதுகில் உள்ள அளவீடு திசை திரும்பும். கண்ணுக்கு எதுவும் தெரியுமுன்னே இது தெரியவரும். மலிவானது, நம்பகமானது என்பது எம் அபிப்பிராயம். செலவுப் பட்டியலைப் பார்த்தவர் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பசையின் சொந்தக் குணத்தை அறிய வேறு சோதனை உண்டு. தகடு வளைந்து உரிவு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தடித்த அலுமினியக் கட்டைகளை ஒட்டி, கிறீகர் என்பவர் வடிவமைத்த நுண்ணிய நீட்சிமானியைப் பக்கத்தில் மாட்டி இழுப்பார்கள். பசை முதலில் நேராகவும் பின்னர் வளைந்தும் உடையும் வரை வரையும் கோடு இதிலிருந்துதான் கிடைக்கிறது. ஹார்ட்-ஸ்மித்தின் கணக்குகளுக்கு வேண்டியது இந்தக் கோடுதான்.

1980களில் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை ஒன்று இன்று எங்கும் பரவியிருக்கிறது. மூட்டின் பக்கத்தை வெள்ளையாக்கி அதன்மேல் கறுப்புப் புள்ளிகளைத் தெளிப்பார்கள். இழுக்கும்போது கமெரா தொடர்ந்து படமெடுக்கும். ஒவ்வொரு புள்ளிக்கூட்டமும் எங்கே நகர்ந்தது என்று கணினி தேடி, பரப்பு முழுவதற்குமான விகார வரைபடத்தைத் தந்துவிடும். ஓரம் சிவந்தும் நடு நீலமாகவும் திரையில் வருவதை எமக்கு ஒருமுறை காட்டினார்கள். எக்செல் தாளில் எண்ணாகக் கண்டது அங்கே நிறமாக இருந்தது. ஒரே குறை, அது வெளிப்பக்கத்தை மட்டுமே காணும்.

உள்ளே காண ஒளியிழையைப் பசைக்குள்ளேயே புதைக்கலாம். இழையின் ஒரு சிறு பகுதியில் நுண்ணிய வரிகளைப் பதித்திருப்பார்கள். அவை ஒளியின் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் அந்த அலைநீளம் ஏறத்தாழ 1.2 பிக்கோமீற்றர் மாறும். வெப்பநிலை மாறினாலும் அது மாறுவதால் அந்தப் பங்கைக் கழித்துவிட வேண்டும்.

நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்கும் பழைய முறையும் இன்னும் வழக்கில் உண்டு. பிடிவிட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஆனால் தொட்டுக்கொண்டிருந்தும் பிடிப்பில்லாத பசையை அது காட்டாது. மூட்டை உடைக்காமல் அதன் வலுவை எண்ணாகச் சொல்லும் நம்பகமான கருவி இன்றுவரை இல்லை.

கணினி தரும் எண்கள்

எல்லா மூட்டையும் உடைத்துப் பார்க்க முடியாது என்பதால் மாதிரிக் கணிப்பு வேண்டியிருக்கிறது. மூட்டைக் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சமநிலையையும் எழுதித் தீர்ப்பது இப்போது வழமை. ஆனால் தகட்டின் கூரான மூலையில் ஒரு பொறி இருக்கிறது. துண்டுகளைச் சிறிதாக்க ஆக்க அந்த மூலையில் தகைப்பு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நில்லாது. பேரேட்டில் வரிகளைக் கூட்டக் கூட்ட இலாபமும் கூடினால் அந்தக் கணக்கில் யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, உண்மையான மூட்டில் கூர்மூலை இல்லை. அழுத்தும்போது பிதுங்கி வரும் பசை ஓரத்தில் ஒரு சரிவாக இறுகியிருக்கும். பிறிஸ்ரலில் அடம்ஸ், பெப்பியற் ஆகிய இருவர் 1974இல் இந்தச் சரிவு ஓரத் தகைப்பைக் குறைப்பதைக் காட்டினர். வேலைத்தலத்தில் அழகுக்காக அதைச் சுரண்டித் துடைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விடயம். இரண்டாவது, ஒரு புள்ளியின் தகைப்பைப் பார்ப்பதை விட்டு, வெடிப்பு ஒரு சதுர மீற்றர் திறக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்று கணக்கிடுவது. பரென்பிளற், டக்டேல் ஆகியோர் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இட்ட அடித்தளத்தில் எழுந்த இந்த முறையே இன்று விமானத் துறையிலும் வாகனத் துறையிலும் பெரிதும் பயன்படுகிறது.

எந்த மாதிரியானாலும் வெப்பநிலையைச் சேர்க்காவிட்டால் பயனில்லை. அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஒரு மீற்றர் நீள அலுமினியத்தையும் உருக்கையும் தனித்தனியே விட்டு 60 பாகை குளிர்த்தினால் 0.66 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். கனடாவில் கோடைக்கும் மாரிக்கும் இடையில் இது சாதாரணம். 0.2 மில்லிமீற்றர் விறைத்த பசையால் அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாது. வாகனக் கண்ணாடியை ஒட்டும் பொலியுரேதேன் பசை இறப்பரைப் போல் மென்மையாகவும் சில மில்லிமீற்றர் தடிப்பாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாய்வு அதிகத் தடிப்பில் பரவினால் விகாரம் குறையும். அந்தப் பசை காற்றின் ஈரத்தால் மெல்ல இறுகுவது. கண்ணாடி மாற்றியபின் இத்தனை மணிநேரம் ஓட்டாதீர்கள் என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

மாதக்கணக்கில் வளரும் விகாரம்

இதுவரை சொன்ன சோதனைகளில் பல சில நிமிடங்களில் முடிந்துவிடுபவை. 2006 யூலை 10 இரவு பொஸ்ரன் நகரில் நடந்ததை அவை காட்டியிருக்க மாட்டா.

நகரின் நடுவே நெடுஞ்சாலையை நிலத்தடிக்கு மாற்றிய பெருந்திட்டத்தின் ஒரு சுரங்கப்பாதை அது. லோகன் விமான நிலையத்தை நோக்கிக் கணவனும் மனைவியும் காரில் சென்றுகொண்டிருந்தனர். மேலே தொங்கிய கொங்கிறீற்றுப் பலகைகள், தாங்கு இரும்புகளோடு சேர்த்து ஏறத்தாழ 26 தொன், கழன்று விழுந்தன. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். கணவர் சிறு காயங்களோடு தப்பினார்.

பலகைகளைத் தாங்கிய இரும்பு ஆணிகள், மேற்கூரையில் துளையிட்டு எபொக்சியால் ஒட்டப்பட்டவை. பொருத்தியபோது அவற்றை இழுத்துப் பார்த்தே ஏற்றுக்கொண்டார்கள். இழுத்த சில நிமிடங்களுக்கு அவை நன்றாகவே நின்றன. ஆனால் பயன்படுத்தப்பட்ட விரைவில் இறுகும் வகை எபொக்சி, தொடர்ந்து தொங்கும் பாரத்தில் ஊரும் குணம் உடையது. உடனடி வலுவில் மெதுவாக இறுகும் வகைக்கு அது பெரிதாகக் குறைந்ததல்ல. நாட்கணக்கில் பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு வேறு என்பது தெரிந்தது. ஒரு நாளின் வங்கி மீதியை மட்டும் காட்டி ஒரு கடையின் நிலைமையைச் சொல்வது போன்றதே நிமிடக்கணக்கான அந்த இழுவைச் சோதனை.

இதில் எம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. 1999இலேயே, பாதை திறக்கப்படுமுன்னர், அதே திட்டத்தின் வேறொரு பகுதியில் சில ஆணிகள் துளையிலிருந்து இறங்கியிருப்பதை வேலையாட்கள் கண்டனர். அவற்றைத் திருத்தி, மீண்டும் இழுத்துப் பார்த்து, சரி என்று விட்டுவிட்டார்கள். ஏன் இறங்கின என்ற கேள்விக்குப் பதில் தேடப்படவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2007இல் வெளியிட்ட அறிக்கை, பாதை திறந்த பின் கூரைக்கு மேலே ஒழுங்காக ஏறிப் பார்த்திருந்தால் ஆணிகள் ஊர்வது தெரிந்திருக்கக்கூடும் என்று சொல்கிறது. அதற்கு ஒளியிழையோ கமெராவோ தேவைப்பட்டிருக்காது. ஆணியின் தலைக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் விழுந்த இடைவெளியை அளக்க ஒரு சாதாரண அடிமட்டமும், திகதியிட்டு எழுத ஒரு கொப்பியும் போதும்.

அதன்பின் விதிகள் இறுகின. 2011இல் வந்த அமெரிக்கக் கொங்கிறீற்று விதிநூலின்படி, தொடர்ந்து இழுக்கும் பாரத்துக்குப் பசை ஆணியின் வலுவில் நூற்றுக்கு 55 மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். கிடையாகவோ மேல்நோக்கியோ ஒட்டப்பட்டு அப்படிப் பாரம் தாங்கும் ஆணிகளைச் சான்றிதழ் பெற்றவர்களே பொருத்த வேண்டும், பொருத்தும்போது பரிசோதகர் கூடவே நிற்கவும் வேண்டும்.

அதே 2011 செப்ரெம்பரில், இலண்டனிலிருந்து பிறைற்றனுக்குப் போகும் ரயில்பாதையில் உள்ள பல்கம் சுரங்கத்தில், கசியும் நீரை ஏந்துவதற்காகக் கூரையில் தொங்கவிட்டிருந்த உலோகத் தட்டுகளில் ஒரு பகுதி கழன்று தொங்கியது. அவற்றைத் தாங்கிய ஆணிகளும் செங்கற் சுவரில் பசையால் ஒட்டப்பட்டவைதான். யாருக்கும் காயமில்லை. சில ஆணிகள் காணாமற் போயிருப்பதை அதற்கு முன்னரே பரிசோதனைக்குச் சென்றவர்கள் கண்டிருந்தனர்.